சங்கத்துக்கு என்ன அதிகாரம்? வாசகர் கேள்வி பதில்

குடியிருப்போர் நலச் சங்கங்கள் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழுக்கு மொத்தமாக எடுத்துக்கொண்டேன். பாதிக்கு மேல் சண்டைக் கடிதங்கள் என்பதால் பெயர், ஊர் எதையும் போடவில்லை.

கேள்வி: யாரும் முன்வராததால் எங்கள் நகர் நலச் சங்கத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். பழைய செயலாளர் ஒரு பையையும் ரப்பர் ஸ்டாம்பையும் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார். நான் எங்கிருந்து தொடங்குவது?

பையிலிருந்துதான். பதிவுச் சான்றிதழ், பைலா (சங்கத்தின் விதிமுறைகள்), உறுப்பினர் பதிவேடு, தீர்மானப் புத்தகம், ரசீதுக் கட்டுகள், வங்கிப் பாஸ்புக் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். எது இல்லையோ அதை அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் சொல்லித் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் நாளைக்கு அதை நீங்கள் தொலைத்ததாகப் பேச்சு வரும்.

அப்புறம் அன்றாட வேலை. தெருவிளக்கு, குப்பை, சாக்கடை அடைப்பு, தண்ணீர், இந்த நான்கைச் சுற்றித்தான் வருடம் முழுக்க ஓடும். விளக்கையே எடுத்துக்கொள்வோம். எரியவில்லை என்றதும் மின்வாரியத்துக்குப் போன் போடுகிறோம். அவர்கள் மாநகராட்சியைக் கேளுங்கள் என்கிறார்கள், நாம் கோபப்படுகிறோம். உண்மையில் அவர்கள் சொல்வது சரி. கம்பமும் கம்பியும் பெரும்பாலும் வாரியத்துடையவை, விளக்கைப் பராமரிப்பது உள்ளாட்சியின் பொறுப்பு. கம்பம் சாய்ந்திருந்தால் வாரியம், பல்பு போனால் உள்ளாட்சி. மனுவில் 'எங்கள் பகுதி இருளில் மூழ்கியுள்ளது' என்று உருக்கமாக எழுதுவதால் பயனில்லை. எந்தத் தெரு, கம்பத்தில் பெயிண்டால் எழுதியிருக்கும் எண் என்ன, எந்தத் தேதியிலிருந்து எரியவில்லை, மூன்று வரி போதும். இரண்டு பிரதி கொண்டுபோய் தபால் பிரிவில் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். கவுன்சிலரிடமோ ஏ.இ.யிடமோ (உதவிப் பொறியாளர்) நேரில் கொடுத்தாலும் கொடுங்கள், ஆனால் அந்த முத்திரை வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள். அடுத்த மாதம் போய் நின்றால், 'ஏற்கெனவே சொன்னோமே' என்பதற்கும் முத்திரை வைத்த தாளை மேசையில் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று, நகர்ப்புற உள்ளாட்சிகளில் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. கிராம சபை மாதிரிதான், வார்டுக்குள் பகுதி பகுதியாக. உங்கள் பகுதிக்கு எப்போது என்று கேட்டு வைத்துக்கொண்டு, நாலு பேரோடு போய், கோரிக்கையைக் கூட்ட நடவடிக்கையில் எழுத வையுங்கள். வெறுமனே பேசிவிட்டு வந்தால் காற்றோடு போய்விடும்.

கேள்வி: எதிர் வீட்டுக்காரர் சந்தா கட்டுவதே இல்லை. ஆனால் சங்கம் போட்ட கேமரா அவர் வீட்டையும்தான் காக்கிறது. அவருக்குத் தண்ணீர் லாரி வருவதையாவது நிறுத்தலாமா?

கூடாது. தனி வீடுகள் உள்ள தெருவில் சங்கம் என்பது விருப்பப்பட்டுச் சேரும் அமைப்பு, சேராதவரிடம் சந்தாவைக் கட்டாயமாக வசூலிக்க உங்களுக்கு வழியில்லை. பொதுத் தெருவில் லாரியை மறித்தால் தப்பு உங்கள் பக்கம் வந்துவிடும். அடுக்குமாடியில் கதை வேறு. லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி, மொட்டைமாடி எல்லாம் எல்லோருக்கும் பங்குள்ள சொத்து. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 அங்கே சங்கத்தையும் பராமரிப்புச் செலவில் ஒவ்வொருவர் பங்கையும் சட்டக் கடமையாகவே ஆக்கியிருக்கிறது.

உங்கள் எதிர் வீட்டுக்காரர் ஏன் கட்டுவதில்லை என்று யாராவது கேட்டீர்களா? முக்கால்வாசி நேரம் பதில், 'போன வருஷக் கணக்கைக் காட்டுங்கள், தருகிறேன்' என்பதாக இருக்கும். அது நியாயமான பதில்.

கேள்வி: கணக்கு என்றதும் கேட்கிறேன். எங்கள் பொருளாளர் பல வருடங்களாக அதே பதவியில் இருக்கிறார், பொதுக்குழுவும் கூடுவதில்லை. கேட்டால் 'என்மேல் சந்தேகமா' என்கிறார்.

சந்தேகம் இருக்கிறதோ இல்லையோ, கணக்கு காட்ட வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 இதில் தெளிவாக இருக்கிறது. நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு. மறுபடி தேர்ந்தெடுக்கலாம், ஆனால் தேர்வு என்று ஒன்று நடக்க வேண்டும். நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் பொதுக்குழு கூட வேண்டும், தணிக்கை செய்த கணக்கு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். உங்கள் சங்கம் கணக்கைத் தாக்கல் செய்திருக்கிறதா என்று அங்கே போய்க் கேளுங்கள். செய்யவில்லை என்றால் முதலில் எழுத்தில் பொதுக்குழுவைக் கூட்டச் சொல்லுங்கள். அசையவில்லையா, உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர் கையெழுத்திட்டுக் கேட்டால் பதிவாளர் விசாரணை நடத்தலாம்.

பெரும்பாலான இடங்களில் பணம் எங்கேயும் போயிருக்காது. ரசீது போடாமல் வாங்கியதும் பில் வாங்காமல் கொடுத்ததும் சேர்ந்து, எழுத உட்கார்ந்தால் தலையும் வாலும் புரியாமல் அவரே பயந்து போயிருப்பார். கூட இரண்டு பேர் உட்கார்ந்து பழைய பில்களைத் தேதி வாரியாக அடுக்கிக் கொடுத்தாலே வழிக்கு வந்துவிடுவார்கள். இனிமேலாவது காசோலையில் இருவர் கையெழுத்து வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள்.

கேள்வி: பைக் பையன்கள் தொல்லை தாங்காமல் நாங்களே சிமெண்டில் ஒரு வேகத்தடை போட்டோம். இப்போது கார்களின் அடிப்பாகம் இடிக்கிறது என்று திட்டுகிறார்கள்.

இடிக்கத்தான் செய்யும். சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் அளவுப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரத்துக்கு 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும், நீங்கள் போட்டது அநேகமாக ஒரு முழம் அகலம்கூட இருக்காது. பொதுச் சாலையில் தடையோ கேட்டோ போட சங்கத்துக்கு அதிகாரமும் கிடையாது. யாராவது விழுந்து அடிபடுவதற்குள் எடுத்துவிட்டு, முறையாக மனு கொடுங்கள்.

கேள்வி: தெருநாய்களால் எங்கள் சங்கமே இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒரு தரப்பு சோறு வைக்கிறது, ஒரு தரப்பு எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு போகச் சொல்கிறது.

இரண்டு தரப்புமே முழுசாகச் சரியில்லை. 2023இல் வந்த விலங்குகள் கருத்தடை விதிகளின்படி நாய்க்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்ட் 22 அன்று இதையே சொன்னது, வெறிநோய் உள்ளவையும் ஆக்ரோஷமானவையும் மட்டும் விதிவிலக்கு. ஆகவே 'எல்லாவற்றையும் கொண்டுபோய் ஊருக்கு வெளியே விடுங்கள்' என்ற தீர்மானம் எழுதிய தாளுக்குக்கூட ஆகாது. அதே உத்தரவு, கண்ட இடத்தில் தெருவில் சோறு வைப்பதையும் தடுத்தது. அதற்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் வைக்க வேண்டும், அந்த இடத்தை வார்டு வாரியாக ஏற்படுத்துவது உள்ளாட்சியின் வேலை. குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, வாசல் இவற்றின் அருகே வேண்டாம் என்று 2023 விதிகளே சொல்கின்றன.

சங்கம் செய்ய வேண்டியது ஒரு கணக்கெடுப்பு. கருத்தடை முடிந்த நாயின் காதில் சிறு வெட்டு இருக்கும். அது இல்லாத நாய்கள் எத்தனை, எந்தத் தெருவில், எந்த நேரத்தில் இருக்கின்றன என்று எழுதி உள்ளாட்சிக்குக் கொடுங்கள். இதற்குச் சோறு வைப்பவர்களைப் போல உதவக்கூடியவர் வேறு யாருமில்லை, பிடிக்க வருகிற அன்று அவர்கள் கூப்பிட்டால்தான் நாய் வரும். திட்டிக்கொண்டே இருந்தால் அந்த உதவி கிடைக்காது. நடுவில் யாரையாவது கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி. சங்கக் கூட்டமெல்லாம் அப்புறம்.

கேள்வி: வாட்ஸ்அப் குழுவில் குட்மார்னிங் படங்கள் தாங்க முடியவில்லை.

இரண்டு குழு வையுங்கள். ஒன்றில் நிர்வாகிகள் மட்டும் போட முடியும்: தண்ணீர் நேரம், மின்தடை, கூட்ட அறிவிப்பு. மற்றதில் பூங்கொத்தோ அரசியலோ என்னவோ நடக்கட்டும், நீங்கள் மியூட் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் மனைப்பிரிவு வரைபடத்தில் பூங்கா என்று இருக்கும் இடத்தில் திடீரென்று கல் நட்டு வேலி போடுகிறார்கள். கேட்டால் பட்டா இருக்கிறது என்கிறார்கள். சங்கம் என்ன செய்ய முடியும்?

இதில் நிறையவே செய்ய முடியும், ஆனால் இந்த வாரமே. குறிப்பிட்ட பரப்புக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும், அதையும் சாலைகளையும் மனை போட்டவர் தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். பல பழைய லேஅவுட்களில் இந்தத் தானப்பத்திரம்தான் நடக்காமலே போயிருக்கும். இடம் காகிதத்தில் இன்னமும் பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடக்கும், வாரிசுகள் வந்து விற்பார்கள்.

ஆகவே மூன்று தாள் வேண்டும்: அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகல் (நகர் ஊரமைப்பு இயக்ககமான டிடிசிபி அல்லது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏ அங்கீகரித்தது), தானப்பத்திரம் நடந்திருந்தால் அதன் எண், அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று. முதல் இரண்டையும் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 வழியாகக் கேளுங்கள், கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். அந்த உரிமை குடிமகனுக்கு உரியது, சங்கத்தின் பெயரில் மட்டும் கேட்டால் திருப்பிவிட வாய்ப்புண்டு, உங்கள் சொந்தப் பெயரில் எழுதி முகவரிக்குச் சங்க முகவரியைக் கொடுங்கள். பதிலுக்குக் காத்திருக்காமல், கையில் இருக்கும் வரைபட நகலை இணைத்து ஆணையருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் இன்றே மனு போடுங்கள், வேலியைத் தேதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள். தானப்பத்திரம் நடந்திருந்தால் உள்ளாட்சியே வேலியைப் பிடுங்கிவிடும். நடக்கவில்லை என்றால் நீதிமன்றம்தான், அதற்குப் பொதுக்குழுத் தீர்மானமும் வழக்குச் செலவுக்குத் தனி வசூலும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போடுங்கள், சந்தா கட்டாத எதிர் வீட்டுக்காரர் இருந்தால் அவரையும் கூப்பிடுங்கள், பழைய மனை வாங்கியவர் என்றால் அசல் வரைபடம் அவர் பீரோவில்தான் இருக்கும்.