வாங்கிய பொருள் ஏன் உழைப்பதில்லை? சேலம் மெக்கானிக்கின் பதில்கள்

சேலம் குகைப் பகுதியில் வீட்டு உபயோகச் சாமான்கள் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். மிக்ஸி, கிரைண்டர், ஃபேன், ஹீட்டர், வாஷிங் மெஷின் எல்லாம் மேசைக்கு வரும். "வாங்கி ரெண்டு வருஷம்கூட உழைக்கல" என்ற பேச்சைக் கேட்காத நாளில்லை. அதனால் நம்ம ஊர்க்காரர்களிடம் சந்தேகங்களை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தேன். எல்லோருக்கும் பயன்படுகிற கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

முதலிலேயே ஒன்று. ஒரு சாமான் முழுசாகக் கெட்டுப்போய் கடைக்கு வருவது அபூர்வம். ஏதோ ஒரு சின்ன பாகம்தான் போயிருக்கும். அது எந்தப் பாகம், எதனால் போனது, தனியாகக் கிடைக்குமா என்பது வாங்கும்போதே தெரிந்தால் பாதி ஏமாற்றம் குறையும்.

கொண்டலாம்பட்டியிலிருந்து ஒரு சகோதரி: அண்ணா, 750 வாட் மிக்ஸி வாங்கி ஒண்ணரை வருஷம்தான் ஆச்சு. தீய்ஞ்ச வாடை வந்து நின்னுடுச்சு. அம்மா வீட்டுப் பழைய 500 வாட் மிக்ஸி இன்னும் ஓடுது. புதுசா வர்றதெல்லாம் டூப்ளிகேட்டா?

அப்படிச் சொல்லிவிட முடியாதும்மா. வாட் என்பது மோட்டார் எவ்வளவு கரண்டு இழுக்கும் என்கிற கணக்கு. எத்தனை வருஷம் உழைக்கும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மிக்ஸியைக் கவிழ்த்து அடியில் இருக்கும் லேபிளைப் படியுங்கள். பல மிக்ஸிகளில் மொத்தம் 30 நிமிடம்தான் ஓட்டலாம், அதிலும் 5 நிமிடம் ஓட்டி 2 நிமிடம் நிறுத்தணும் என்று அச்சடித்திருக்கும். மல்லி, மிளகாய், மஞ்சள் எல்லாம் வீட்டிலேயே பொடிக்கிறவர்கள் ஒரே மூச்சில் கால் மணி நேரம் ஓட்டிவிடுவார்கள். உள்ளே வைண்டிங் கம்பியின் மேல் மெல்லிய வார்னிஷ் பூச்சு இருக்கிறது. சூடேறி அது கருகினால் கம்பியோடு கம்பி தொட்டு ஷார்ட் ஆகும். உங்களுக்கு வந்தது அந்த வாடைதான்.

ஆனால் மோட்டாருக்கு எமனாக வருவது பெரும்பாலும் ஜார். ஜாரைக் காலி பண்ணித் தலைகீழாகப் பிடியுங்கள். அடியில், மோட்டாரோடு பொருந்துகிற கப்ளரை ஒரு விரலால் சுற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும், பக்கவாட்டில் ஆடக்கூடாது. கடினமாகச் சுற்றினால் உள்ளே பிளேடின் தண்டைத் தாங்குகிற புஷ் இறுகிவிட்டது, மோட்டார் மாவை அரைப்பதோடு அந்த இறுக்கத்தையும் சேர்த்து இழுக்கிறது. ஆட்டம் இருந்தால் புஷ் தேய்ந்துவிட்டது. அடியில் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தால் ஜார் ஒழுகுகிறது, அந்தத் தண்ணீர் நேராக மோட்டாரின் மேல் பேரிங்குக்குள் இறங்கும். புஷ் மாற்ற ஆகும் செலவு சின்னது. அதைத் தள்ளிப்போட்டால் மோட்டாருக்குள் சுற்றுகிற ஆர்மேச்சரே போகும்.

இன்னொன்று. மோட்டார் மேல் இருக்கும் ரப்பர் கப்ளர் அடிக்கடி பிய்கிறது என்று சலித்துக்கொள்கிறார்கள். லோடு அதிகமானால் மோட்டார் எரிவதற்கு முன்னால் அது பிய்ந்துபோவது நல்லது. பிய்ந்தால் அதே அளவில் மாற்றுங்கள், கடினமான கப்ளராகக் கேட்டுப் போடாதீர்கள். அம்மா வீட்டில் அந்தக் காலத்தில் மசாலாவை மில்லில் கொடுத்து அரைத்திருப்பார்கள், மிக்ஸிக்குச் சட்னி மட்டும்தான் வேலை. நீங்களும் கிலோ கணக்கில் அரைப்பதை மில்லுக்கே அனுப்புங்கள்.

அழகாபுரத்திலிருந்து ஒருவர்: சார், 15 லிட்டர் வாட்டர் ஹீட்டர். டேங்குக்கு 5 வருஷம் வாரண்டி என்று சொல்லி விற்றார்கள். மூன்றாவது வருஷமே ஒழுகுகிறது. சர்வீஸ் ஆள் வந்து பார்த்துவிட்டு "ஆனோடு ராடு மாத்தல, வாரண்டி கிடையாது" என்கிறார். அப்படி ஒன்று இருப்பதையே யாரும் சொல்லவில்லை.

உங்கள் கோபம் நியாயமானது. விற்கிற இடத்தில் இதைச் சொல்வதே இல்லை. டேங்க் இரும்பு, உள்பக்கம் கண்ணாடிப் பூச்சு. பூச்சில் எங்காவது நுண்ணிய கீறல் இருந்தே தீரும். அங்கே துரு பிடிக்காமல் இருக்க உள்ளே ஒரு மெக்னீசியக் கம்பி தொங்கவிட்டிருப்பார்கள், ஆனோடு ராடு என்பது அதுதான். இரும்பை விட மெக்னீசியம் சீக்கிரம் அரிபடும். அதாவது டேங்குக்குப் பதில் அந்தக் கம்பி தன்னைக் கொடுக்கிறது. அது கரைந்து தீர்ந்துவிட்டால் அடுத்து டேங்க்தான்.

நம்ம ஊரில் மேட்டூர்த் தண்ணீர் முறை வைத்து வரும். மீதி நாளெல்லாம் போர் தண்ணீர். உப்பு அதிகமுள்ள தண்ணீரில் அந்தக் கம்பி வேகமாகக் கரையும். தண்ணீரில் இருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் சூட்டில் படிந்து, தண்ணீரைச் சூடாக்குகிற எலிமெண்ட் மேல் வெள்ளை ஓடு கட்டும். சில ஹீட்டர்களைத் திறந்தால் எலிமெண்டே கண்ணுக்குத் தெரியாது, சுண்ணாம்புக் கட்டிதான் இருக்கும். அந்த ஓட்டைத் தாண்டிச் சூடு தண்ணீருக்குப் போகாமல் எலிமெண்ட் உள்ளேயே வெந்து அறுந்துவிடும்.

புது ஹீட்டர் வாங்கினால் வருஷத்துக்கு ஒருமுறை ராடைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மெலிந்திருந்தால் மாற்றி, பில் வாங்கி வாரண்டி கார்டோடு வையுங்கள். தெர்மோஸ்டாட்டை 50, 55 டிகிரியில் வைத்தால் படிவு குறையும். வாங்கும்போதே கார்டைப் பிரித்து எலிமெண்டுக்கு எத்தனை வருஷம், டேங்குக்கு எத்தனை, தண்ணீரின் உப்புக்கு வரம்பு போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இப்போது ஒழுகுகிற ஹீட்டருக்கு வாரண்டி கேட்க முடியுமா என்றால், முடியும். ராடை மாற்ற வேண்டும் என்ற நிபந்தனை கார்டில் அச்சடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அச்சில் இல்லாததை சர்வீஸ் ஆள் வாயால் சொன்னால் ஏற்க வேண்டியதில்லை. புகார் செய்யும் வழி கீழே ஆத்தூர்க்காரருக்கான பதிலில் இருக்கிறது.

நெத்திமேட்டிலிருந்து: ஃபேன் அஞ்சுல வச்சாலும் ரெண்டுல வச்ச மாதிரி சுத்துது. புதுசு வாங்கிடலாமா?

வேண்டாம். ஃபேனைச் சுற்ற வைக்கும் கண்டென்சர் என்ற சின்ன பாகம் பலம் இழந்திருக்கும். சாதாரண சீலிங் ஃபேனுக்குப் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபேரட். பழையதில் எழுதியிருக்கும் அளவையே பார்த்து வாங்கி, மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை விட்டு மாற்றுங்கள்.

ஏற்காட்டிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, கல்யாணத்துக்கு வாங்கிய ஷூ. நாலு தடவைகூடப் போடல. பெட்டியிலேயே பத்திரமா வச்சிருந்தேன். போன வாரம் எடுத்துப் போட்டு நாலடி நடந்தா சோல் பிஸ்கட் மாதிரி உதிருது. வீட்டு சோபா ரெக்ஸினும் தோல் தோலா உரியுது. ரெண்டுமே நல்ல விலை கொடுத்து வாங்கினது.

மெஷின் சாமான் இல்லை என்றாலும், மலையிலிருந்து இதே கேள்வி வேறு சிலரும் கேட்டதால் சொல்கிறேன். அந்த சோலும் சோபாவின் மேல்பூச்சும் பெரும்பாலும் பாலியூரித்தேன். லேசாக, மெத்தென்று இருக்கும், அதனால் கடையில் போட்டுப் பார்த்ததும் பிடித்துவிடும். அதற்குப் பெரிய எதிரி காற்றில் இருக்கும் ஈரம். ஈரம் உள்ளே ஊறி அந்தப் பொருளின் மூலக்கூறுச் சங்கிலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். போட்டாலும் போடாவிட்டாலும் இது நடக்கும். ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து போகிற ஊர் உங்களுடையது. அங்கே பாலிதீன் கவரில் சுற்றி பீரோவில் வைத்தால் ஈரத்தை உள்ளே பூட்டி வைத்த மாதிரிதான். பத்திரப்படுத்தியதால்தான் போச்சு என்பது கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் உண்மை.

அடுத்த முறை ரப்பர் சோல் தைத்ததாகக் கேளுங்கள், கொஞ்சம் கனமாக இருக்கும், பரவாயில்லை. மேல்பாகம் நன்றாக இருந்தால் இப்போதுள்ள ஷூவுக்கே ரப்பர் சோல் போடச் சொல்லிப் பாருங்கள். சோபாவைச் சரி செய்ய முடியாது. துணி உறை மாற்றுவது மேல். மலையில் ரெக்ஸின் வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. எலக்ட்ரானிக் சாமான்களுக்கும் ஒரு வார்த்தை: தோட்டத்து வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் கீழே வந்துவிடுகிறவர்கள், இடையில் போகும்போதெல்லாம் டிவியைக் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். அந்தச் சூட்டில் போர்டு காயும்.

சூரமங்கலத்திலிருந்து: இன்வெர்ட்டர் பேட்டரிக்கு 48 மாத வாரண்டி. 30-வது மாதம் போய்விட்டது. கடைக்குப் போனால் பணம் கட்டச் சொல்கிறார்கள். இது ஏமாற்று வேலை இல்லையா?

கார்டில் 24+24 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். முதல் 24 மாதத்துக்குள் போனால் இலவசமாக மாற்றித் தருவார்கள். அடுத்த 24 மாதத்தில் போனால் புது பேட்டரியின் விலையில் ஒரு பங்கு தள்ளுபடி மட்டும்தான். இதைத்தான் புரோ ரேட்டா என்பார்கள். 36+12 என்று வருவதும் உண்டு. கடைக்காரர் இரண்டையும் கூட்டி 48 என்று சொல்லி விற்கிறார். முன்னால் இருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். அப்புறம், பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர்தான். ஆர்.ஓ. தண்ணீரிலும் உப்பு கொஞ்சம் மிச்சமிருக்கும், ஊற்றாதீர்கள்.

ஃப்ரிட்ஜுக்கு "10 வருஷ வாரண்டி" என்பதும் இதே கதைதான். பெரும்பாலும் அது கம்ப்ரசருக்கு மட்டும். கேஸ், கூலி, போர்டு எல்லாம் முதல் வருஷத்தோடு முடிந்துவிடும்.

அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு அம்மா: எவர்சில்வர் பாத்திரத்தில் புள்ளி புள்ளியாகத் துரு. ஸ்டீல் பிளாண்ட் இருக்கிற ஊரில் இருந்துகொண்டு இப்படியா? கடையில் காந்தம் ஒட்டாது என்று காட்டித்தான் கொடுத்தார்கள்.

காந்தத்தை நம்பாதீங்கம்மா. 304 ரகத்தில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் இருக்கும், காந்தம் ஒட்டாது. விலை குறைவான 202 ரகத்திலும் ஒட்டாது. அதில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள், துருவைத் தாங்கும் சக்தி குறைவு. காந்தம் ஒட்டுகிற 430 ரகம் நிக்கலே இல்லாமல் சமையலறையில் நன்றாகவே உழைக்கும். அதனால் ரகத்தின் எண் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள், பில்லிலும் எழுதி வாங்குங்கள். கல் உப்பைப் பாத்திரத்தில் போட்டு வைப்பதும், பிளீச்சிங் கலந்த தண்ணீரில் ஊறவிடுவதும் நல்ல எவர்சில்வரையே புள்ளி விழ வைக்கும்.

ஆத்தூரிலிருந்து ஒருவர்: கடைக்காரர் கம்பெனியைக் கேள் என்கிறார். கம்பெனி கடையைக் கேள் என்கிறது. பில்லில் வேறு "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருக்கிறது. நான் என்ன செய்வது?

பில்லில் அப்படி அச்சடித்துவிட்டால் சட்டம் மாறிவிடாது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது நியாயமற்ற வணிக முறை என்று அதில் இருக்கிறது. பில்லில் கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாள் கணக்கு. பில் தர மறுப்பதும் அதே குற்றச்சாட்டில் வரும்.

முதலில் சர்வீஸ் சென்டரில் ஜாப் ஷீட் வாங்குங்கள். என்ன பழுது, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள், என்ன செய்தார்கள் என்று அதில் இருக்க வேண்டும். போனில் பேசியது நிற்காது, காகிதம்தான் நிற்கும். அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகாரைப் பதியுங்கள். பல பிரச்சினைகள் இங்கேயே தீர்ந்துவிடுகின்றன. தீராவிட்டால் கடைக்கும் கம்பெனிக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ், அதன் பிறகு சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். இருவரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள், யார் பொறுப்பு என்று ஆணையம் முடிவு செய்யட்டும். தெர்மல் பில் சில மாதங்களில் வெளுத்துவிடும், இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள்.

கல்லூரி மாணவர் ஒருவர்: சீக்கிரம் கெடணும்னு கம்பெனிகளே திட்டம் போட்டுத்தான் செய்றாங்களா அண்ணா?

ஒரு விஷயத்தில் அது வரலாறு, தம்பி. 1924-ல் ஜெனீவாவில் பெரிய பல்பு கம்பெனிகள் கூடி ஃபீபஸ் என்ற கூட்டணி அமைத்தன. பல்பு 1,000 மணி நேரம்தான் எரியணும் என்று முடிவு செய்து, அதிகம் எரிகிற பல்பு தயாரித்த கம்பெனிக்கு அபராதமே போட்டார்கள். அதே சமயம், குண்டு பல்பில் ஆயுளைக் கூட்டினால் வெளிச்சம் மங்கி கரண்டு வீணாகும் என்பதும் உண்மை. எல்லாவற்றையும் சதி என்று சொல்ல மாட்டேன்.

நான் மேசையில் பார்ப்பது வேறு. எல்.இ.டி. பல்பில் ஒளி தரும் சில்லு நன்றாக இருக்கும், அதற்குக் கரண்டு கொடுக்கும் டிரைவரில் கண்டென்சர் சூட்டில் காய்ந்து போயிருக்கும். மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் மாட்டினால் இன்னும் சீக்கிரம் போகும். திறக்க முடியாதபடி ஒட்டிவிடுவதால் முழு பல்பையும் எறிகிறோம். திருகாணி இருக்க வேண்டிய இடத்தில் பசை இருக்கிறது. எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது இதுதான். மத்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு இணையதளம் தொடங்கியது, பல கம்பெனிகளின் சர்வீஸ், உதிரிபாக விவரம் அதில் கிடைக்கும். வாங்கும் முன் பாருங்கள்.

அயோத்தியாப்பட்டணத்திலிருந்து ஒரு பெரியவர்: வீட்டில் பழைய கல் கிரைண்டர் ஒன்று. மாவு நைசாக வருவதில்லை. எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டு டேபிள்டாப் வாங்கச் சொல்கிறான் பையன்.

கொடுத்துவிடாதீங்க ஐயா. தூக்கி வைக்க முடியவில்லை, இடம் போதவில்லை என்றால் டேபிள்டாப் வாங்குவதில் தப்பில்லை. மாவு நைசாக வரவில்லை என்பதற்காக வேண்டாம். பெல்ட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். தொளதொளவென்று இருந்தால் மாற்றணும், பழைய பெல்ட்டையே கடைக்கு எடுத்துப் போனால் அதில் உள்ள நம்பரைப் பார்த்துக் கொடுப்பார்கள். பெல்ட் சரியாக இருந்தால் கல் வழவழத்துவிட்டது என்று அர்த்தம். கல் கொத்துகிறவரைக் கூப்பிட்டு ஆட்டுக்கல்லையும் குழவியையும் சேர்த்தே கொத்தச் சொல்லுங்கள். கொத்தி முடித்ததும் உடனே இட்லிக்குப் போட வேண்டாம். ஒரு பிடி அரிசியைப் போட்டு அரைத்து, கல் மண்ணோடு கொட்டிவிட்டு, நன்றாகக் கழுவிய பிறகு உளுந்து போடச் சொல்லுங்கள்.