குளிரா, குடி நின்ற நடுக்கமா? கிளைச் சிறைக்குப் போகும் பிசிஷியன் அசிஸ்டென்ட்டுக்கு

கேள்வி: கோத்தகிரிக்காரன். பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டென்ட் முடித்து, தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். அடுத்த மாதத்திலிருந்து வாரம் ஒரு நாள் டாக்டருடன் மலையில் உள்ள கிளைச் சிறைக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே என் வேலை எதுவரை? எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: எல்லையை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கச் சிறைகளில் பிசிஷியன் அசிஸ்டென்ட்டே பரிசோதித்து மருந்தும் எழுதுவார். அது அந்த நாட்டு லைசென்ஸ். இங்கே மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டம் உங்கள் தொழிலையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனாலும் மருந்துச் சீட்டில் கையெழுத்து டாக்டருடையது. கைதானவருக்கு பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 53-ஆம் பிரிவின்படி நடக்கும் பரிசோதனை அறிக்கையும் அப்படித்தான். "நீங்களே போட்டுடுங்க தம்பி, டாக்டர் அப்புறம் பாத்துக்குவார்" என்று யாராவது பேனாவை நீட்டினால் வாங்காதீர்கள்.

கையெழுத்துதான் இல்லை. விசாரிப்பது முழுக்க உங்கள் பொறுப்பு. கூட்டத்தில் டாக்டருக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் அதிகம்.

போனதும் புதிதாக ரிமாண்டில் வந்தவர்களின் பெயர்களை வாங்குங்கள். பழைய ஆட்களின் மூட்டுவலி காத்திருக்கும், இவர்கள் காத்திருக்க முடியாது. வார்டர் பக்கத்தில் நிற்க "குடிப்பீங்களா?" என்று கேட்டால் "இல்லீங்க சார்" என்றுதான் பதில் வரும். வார்டரைப் பார்வைக்கு எட்டும் தூரத்தில், பேச்சு காதில் விழாத தூரத்தில் நிற்கச் சொல்லுங்கள். பிறகு, "கடைசியா எப்பக் குடிச்சீங்க? தினமும் குவார்ட்டரா, ஆஃபா?" என்று கேளுங்கள்.

தினமும் குடித்தவருக்குக் குடி சட்டென்று நின்றால் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுங்கும், வேர்க்கும், தூக்கம் போகும். வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளில். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத பூச்சியை உடம்பிலிருந்து தட்டிவிடுவார்கள். கவனிக்காவிட்டால் உயிரே போகும். ஸ்டேஷன், கோர்ட் என்று அலைந்து ஆள் சிறைக்குள் வந்து சேருவதும் பெரும்பாலும் இதே நேரத்தில்தான். மலையில் இன்னொரு சிக்கல்: ஊட்டிக் குளிரில் எல்லோரும்தான் நடுங்குகிறார்கள். போர்வைக்குள்ளும் நடுங்கினால், அந்தக் குளிரிலும் நெற்றி வேர்த்தால், நாடி நூறைத் தாண்டினால், அது குளிர் இல்லை. டாக்டரிடம் அப்போதே சொல்லுங்கள். தையமின் (வைட்டமின் பி1) போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். அவசரத்தில் அது விட்டுப்போனால் நினைவூட்டத் தயங்காதீர்கள்.

"நடிக்கிறான் சார்" என்ற வார்த்தையை அங்கே அடிக்கடி கேட்பீர்கள். சில சமயம் உண்மையாகவும் இருக்கும். ஆனால் கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பணியர், இருளர், குறும்பர் யாராவது கை கால், முதுகு வலி என்று துடித்தால், அரிவாள் செல் ரத்தசோகை (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய்) இருக்கிறதா என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். இந்தியாவில் அந்த நோயை முதன்முதலாக 1952-ல் பதிவு செய்ததே நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். குளிர், தண்ணீர் குறைவாகக் குடிப்பது, காய்ச்சல் மூன்றும் வலியைக் கிளப்பும். லாக்கப்பில் முதல் இரண்டும் தாராளமாகக் கிடைக்கும். கூடுதல் கம்பளியும் வெந்நீரும் கேட்டு வாங்கிக் கொடுங்கள். காய்ச்சலோடு நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ சேர்ந்தால் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்ற பேச்சே வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. ஹைட்ராக்ஸியூரியா (அரிவாள் செல் நோய்க்கான மருந்து), வலிப்பு மாத்திரை, இன்சுலின், டி.பி. மாத்திரை இதெல்லாம் வீட்டிலேயே தங்கிப்போயிருக்கும். மனு பார்க்க வரும் வீட்டாரிடம் பழைய சீட்டைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் சளிப் பரிசோதனை.

காயம் பற்றி ஒன்று. பாத்ரூமில் வழுக்கி விழுந்த கதையும் மாவுக்கட்டும் நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் குறியுங்கள்: எந்த இடம், எத்தனை சென்டிமீட்டர், என்ன நிறம். "கீழே விழுந்து காயம்" என்று எழுதாதீர்கள். "கீழே விழுந்ததாகக் கூறுகிறார்" என்று எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பின்னால் கோர்ட்டில் தெரியும். பணியில் சேர்ந்த புதிதில் நான் முதல் மாதிரி எழுதிவிட்டு, குறுக்கு விசாரணையில் பதில் இல்லாமல் நின்றிருக்கிறேன். அன்றைக்கே டாக்டரிடம் காட்டி, அவர் குறிப்பிலும் ஏறச் செய்யுங்கள். இன்னாருக்குத் தனிக்கொட்டடித் தண்டனை தரலாமா, உடம்பு தாங்குமா என்று கேட்டால் அது உங்கள் வேலையும் இல்லை, டாக்டர் வேலையும் இல்லை. கைதிகளை நடத்தும் முறை பற்றி 2015-ல் ஐ.நா. ஏற்ற மண்டேலா விதிகளில் 46-ஆவது, மருத்துவப் பணியாளர் தண்டனை விதிப்பதில் பங்கெடுக்கக் கூடாது என்கிறது. அடைத்து வைத்தவரைத் தினமும் போய்ப் பார்க்கச் சொல்வதும் அதே விதிதான்.

வெளியே அனுப்ப வேண்டியவரைக் காலையிலேயே முடிவு செய்யப் பாருங்கள். வழிக்காவலுக்குப் போலீஸ் கிடைக்க வேண்டும், வண்டி வர வேண்டும், கூடலூரிலிருந்து ஊட்டிக்கு ஐம்பது கிலோமீட்டர் மலைப்பாதை. சாயங்காலம் பனிமூட்டம் இறங்கிய பிறகு ஆளை அனுப்பச் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் விடிந்த பிறகுதான் வண்டி வரும்.

செல்போன், சில்லறை, பாக்கெட் கத்திரி எல்லாவற்றையும் வாசலிலேயே விட்டுவிடுங்கள். உள்ளே எடுத்துப்போகும் ஊசி, பிளேடு, காலி ஆம்பூல் (ஊசி மருந்துக் கண்ணாடிக் குப்பி) ஒவ்வொன்றையும் எண்ணி எழுதி, கிளம்பும்போது அதே கணக்கைச் சரிபாருங்கள். ஒன்று குறைந்தாலும் டாக்டரோடு வாசலைத் தாண்டாமல் அங்கேயே சொல்லுங்கள்.