பூனை நகமும் உப்புத்தாளும்

அன்புள்ள ஐயா,

உங்கள் பட்டறைக் கட்டுரைகளை விடாமல் படிக்கிறேன். கோவையில் மெக்கானிக்கல் கடைசி வருடம் படிக்கிறேன். வீட்டில் மணி என்று இரண்டு வயதுப் பூனை இருக்கிறது. அம்மாவுக்குச் சர்க்கரை. மணி மடியிலிருந்து குதிக்கும்போது கீறிவிட்டால் புண் ஆற நாளாகிறது. நகம் வெட்டப் பிடித்தால் கையைக் கடிக்கிறது. அது தினமும் எதையாவது பிறாண்டத்தான் செய்கிறது. பிறாண்டும் கட்டையில் கயிற்றுக்குப் பதில் உப்புத்தாளை ஒட்டிவிட்டால் நகம் தன்னாலே மழுங்குமே என்று தோன்றியது. நாய்க்கு இப்படிப் பலகை வருகிறது. 80ஆம் நம்பர் தாள் ஒட்டிப் பார்த்தேன். மணி மோந்து பார்த்தது, ஒரு தடவை கை வைத்தது, நேராக சோபாவுக்குப் போய்விட்டது. எந்த நம்பர் தாள் சரிவரும்? தெரிந்தவர் ஒருவர் ஆபரேஷன் செய்து நகத்தையே எடுத்துவிடலாம் என்கிறார். செய்யலாமா?

ம.

அன்புள்ள ம.,

பூனை நகத்தைத் தீட்டுகிறது என்று சொல்லிச் சொல்லியே, ஏதோ சாணைக்கல்லில் கத்தி பிடிப்பதுபோல நாம் நினைத்துக்கொண்டோம். இருபத்தாறு வருடம் டூல் ரூமில் டிரில் பிட் தீட்டியவன் நான்; எனக்கு அந்த நினைப்பு இன்னும் கூடுதலாகவே இருந்தது. ஒரு நாள் எங்கள் வீட்டுப் பூனையின் கட்டைக்கு அடியில் பெருக்கும்போது நெல் உமி மாதிரி ஒன்று கிடைத்தது. ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். கொக்கி வடிவம், உள்ளே ஒன்றுமில்லை, ஒரு பக்கம் கிழிசல், முனை மட்டும் தேய்ந்து மங்கியிருந்தது. ஐயோ, நகம் பிய்ந்துவிட்டது என்று பூனையைப் பிடித்து ஒவ்வொரு விரலாக அமுக்கிப் பார்த்தேன். எல்லா நகமும் இருந்தன. ஒன்று மட்டும் புத்தம்புதிதாக, கண்ணாடி முள் போல.

நகம் உறைக்குள் உறையாக வளர்கிறது. வெளியுறை பழசாகி மழுங்கும். பூனை நாரில் நகத்தை மாட்டி இழுக்க இழுக்க அது கழன்று விழும். அடியில் தயாராக இருக்கும் கூர்முனை வெளியே வரும். நகத்தின் மேல் விசை ஏறி இறங்கும்போது வெளியுறையில் விழும் நுண்ணிய விரிசல்கள்தான் இதற்கு வழிசெய்கின்றன என்று 2009இல் அமெரிக்காவின் லூசியானாவில் உயிரியலாளர் டொமினிக் ஹோம்பெர்கர் குழுவினர் எழுதினார்கள். பேப்பர் கட்டர் ஞாபகம் வருகிறதா? முனை மழுங்கினால் ஒரு துண்டை ஒடித்துப் போட்டுவிட்டு அடுத்த முனையை வைத்து வெட்டுவோமே, அது. 1956இல் ஒசாகாவில் ஒகாடா யோஷியோ அதைக் கண்டுபிடித்தபோது சாக்லேட் கட்டியை ஒடிப்பதைப் பார்த்து யோசனை வந்ததாம். பூனையைப் பார்த்தும் வந்திருக்கலாம்.

ஆக, மணி கட்டைக்கு வருவதே பழைய முனையைக் கழற்றிப் போடத்தான். மழுங்கவைக்கும் வேலையை அதே இடத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றை ஒன்று வெட்டிக்கொள்ளும். நீங்கள் ஒரு வாரம் தேய்த்துத் தேய்த்து முனையை உருட்டி வைப்பீர்கள். எட்டாவது நாள் சோபாவில் நாலு இழுப்பு, உறை கழன்று புது முள் வந்துவிடும்.

உப்புத்தாள் மழுக்கத்தான் செய்யும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. பள்ளிக்கூடத்தில் சிலேட்டுக் குச்சியை எப்படிக் கூராக்கினோம்? சிமெண்டுத் தரையில் சாய்த்து வைத்துத் தேய்த்தோம். அதே குச்சியைச் செங்குத்தாக நிறுத்தித் தேய்த்தால் முனை தட்டையாகும். தேய்க்கும் பரப்பு ஒன்றே, கோணம்தான் வேறு. வளைந்த நகம் தாளில் எந்தக் கோணத்தில் உரசும் என்பதைப் பூனை முடிவு செய்யும், நீங்கள் அல்ல.

நாய்ப் பலகை வேலை செய்வதற்குக் காரணம் நாயின் நகம் வேறு ஜாதி. அது எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், நடந்தாலே தரையில் தேயும். தீனி காட்டிப் பழக்கினால் நாய் பலகையைச் சுரண்டும், நகமும் தேயும். பூனை நகம் சும்மா இருக்கும்போது தசைநார் பின்னுக்கு இழுத்து மடக்கி வைத்திருக்கும், வேண்டும்போதுதான் நீளும். நீண்டால் எதிலாவது மாட்ட வேண்டும். உடம்பின் பாரத்தைப் போட்டு முதுகை நெளித்து இழுப்பதில்தான் அதற்குச் சுகம். உங்கள் தாளில் நகம் மாட்டவில்லை, வழுக்கியிருக்கும். உள்ளங்கால் மெத்தை வேறு சொரசொரப்பில் உரசியிருக்கும். அந்த மெத்தைப் பகுதியிலிருந்துதான் வாசனையை இழுவிவிட்டு, இது என் இடம் என்று பூனை எழுதி வைக்கிறது. அங்கே எரிச்சல் வந்தால் யார் திரும்பி வருவார்கள்? சோபாவுக்குப் போன மணியைக் குறை சொல்ல மாட்டேன்.

இன்னொரு கணக்கு. பூனைக்கு நகம் மொத்தம் 18. முன்காலுக்கு ஐந்தைந்து, பின்காலுக்கு நாலு நாலு. கட்டையில் முன்கால் நகங்கள்தான் படும். பின்கால் உறைகளைப் பூனை பல்லால் கடித்து எடுத்துக்கொள்ளும். மடியிலிருந்து குதிக்கும்போது அம்மாவைக் கீறுவது எது? எம்பித் தள்ளும் பின்கால். உங்கள் டிசைன் அந்த எட்டைத் தொடவே இல்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. ஒரு மரப்பெட்டி செய்து, பூனையின் கை நுழையும் அளவுக்கு மேலே ஓட்டை போட்டு, உள்ளே சரிவான தரையில் துணி எமரி, அதாவது துணியில் வரும் உப்புத்தாள், ஒட்டி, நெத்திலிக் கருவாட்டுத் துண்டைப் போட்டேன். மாட்டி இழுக்கும் இடத்தில் ஏமாற்ற முடியாது, துழாவும் இடத்தில் முடியுமே என்பது என் கெட்டிக்காரத்தனம். துழாவும்போது நகம் நீண்டிருக்கும், முனைதான் முதலில் உரசும். வேலை செய்தது என்றுதான் சொல்ல வேண்டும். பத்து நாளில் வலது கையில் நடு இரண்டு நகமும் கொஞ்சம் உருண்டன. இடது கையில் ஒன்றுமில்லை. எங்கள் பூனை எடுப்பதெல்லாம் வலது கையால். மூன்றாவது வாரம் அந்த இரண்டில் ஒன்று உறை கழற்றிக்கொண்டு மறுபடி முள்ளாக நின்றது. பெட்டி இப்போது பரணில் இருக்கிறது. கருவாட்டு நாற்றம் இன்னும் போகவில்லை என்று வீட்டில் எனக்குத் திட்டு.

ஆபரேஷன் வேண்டவே வேண்டாம். அது நகத்தை எடுப்பதல்ல. நகம் முளைக்கும் கடைசி எலும்போடு சேர்த்து விரல் நுனியையே வெட்டுவது. இஸ்ரேல் 2011இலும் நியூயார்க் மாநிலம் 2019இலும் அதைத் தடை செய்தன.

மிஞ்சுவது நகவெட்டிதான். மணி கடிப்பது பெரும்பாலும் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்ப்பதால். சாப்பிட்டுவிட்டுத் தூங்கி வழியும் நேரம் பாருங்கள். முதல் ஒரு வாரம் பாதத்தைத் தொட்டு, விரலை மேலும் கீழும் மெதுவாக அமுக்கி, நகம் நீண்டதும் விட்டுவிடுங்கள். உடனே ஒரு தீனி. அப்புறம் ஒரு நாளைக்கு இரண்டு நகம். வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக ஓடுவது ரத்தமும் நரம்பும். அதை விட்டுத் தள்ளி, கண்ணாடியாகத் தெரியும் நுனியை மட்டும் நறுக்குங்கள். பின்காலிலிருந்து ஆரம்பிப்பது உங்கள் வீட்டுக்கு நல்லது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். தப்பித்தவறி ரத்தம் வந்தால் கொஞ்சம் சோளமாவை (கார்ன்ஃப்ளோர்) வைத்து அழுத்திப் பிடியுங்கள்.

அம்மாவின் மடியில் ஒரு தடித்த துண்டு விரித்திருக்கட்டும். கீறல் பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டுப் பூனைதானே என்று இருந்துவிடாதீர்கள். ரேபிஸ் ஊசி வேண்டுமா என்பதை அவர் சொல்லட்டும். மணிக்கும் ஊசி போட்டாயிற்றா?

கட்டையை விட்டுவிடாதீர்கள். மணி நின்று முழுசாக நீளும் உயரம் வேண்டும், மூன்றடிக்குக் குறைய வேண்டாம். கற்றாழை நார்க் கயிற்றை இடைவெளி இல்லாமல் இறுக்கிச் சுற்றுங்கள். இழுத்தால் ஆடக் கூடாது, ஒரு தடவை ஆடினால் மறுபடி அதன் பக்கம் வராது. அதனால் அடிப்பலகை கனமாக, அகலமாக இருக்கட்டும். தூங்கி எழுந்ததும் பிறாண்டத் தோன்றும், அதனால் அது படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில், சோபாவை மறைத்தாற்போல் வையுங்கள்.

நம்பர் கேட்டீர்கள். அந்த 80ஆம் நம்பர் தாளை வீணாக்காதீர்கள், அடிப்பலகையின் ஓரத்தைத் தேய்க்க அது போதும்.