கருகிய குவளை – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகன் ஜப்பானில் வேலை பார்க்கிறான். போன முறை ஊருக்கு வந்தபோது எனக்கு ஒரு தேநீர்க் குவளை வாங்கி வந்தான். விறகுச் சூளையில் சுட்ட பிஸென் கலமாம். நம் பணத்துக்கு நாலாயிரம் ரூபாய்க்கு மேல். பூவேலை கிடையாது, பளபளப்பு கிடையாது. ஒரு பக்கம் கருகியிருக்கிறது, இன்னொரு பக்கம் மணல் ஒட்டியதுபோல் சொரசொரப்பு. “அடுப்புக்குள்ளே விழுந்துட்டதா?” என்று கேட்கிறார் என் அம்மா. மகனோ, “தீ தானாக வரைந்தது, யாரும் திட்டமிடாதது, அதுதான் அழகு” என்கிறான். குறையையே அழகு என்று விற்கிற தந்திரமா இது? இதில் ஃபில்டர் காபி குடிக்கலாமா?

பெயர் வெளியிட வேண்டாம்.
ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

மகன் சொன்னதில் பாதி சரி. வரைந்தது தீதான். யாரும் திட்டமிடவில்லை என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. விறகுச் சூளைக் கலங்களைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு இந்தத் ‘தற்செயல்’ மேல் ஒரு மயக்கம் உண்டு. விற்கிறவர்களுக்கு அது இன்னும் அதிகம்.

ஒகாயாமா மாகாணத்தில் இம்பே என்ற பகுதிதான் பிஸென் கலங்களின் ஊர். அங்கே நெல்வயல்களுக்கு அடியில் கருத்த களிமண் கிடைக்கிறது. இரும்புச் சத்து நிறைய உள்ள மண். சூட்டில் ரொம்பவும் சுருங்கும். மேலே கண்ணாடிப் பூச்சு கொடுத்தால் சரியாகப் பிடிக்காது. அவசரமாகச் சூடேற்றினால் வெடித்துவிடும். அதனால் பூச்சே இல்லாமல், செம்பைன் விறகு போட்டு, பத்து நாள், பதினான்கு நாள் என்று இரவும் பகலும் முறைவைத்துச் சுடுகிறார்கள். சூளைக்குள் வெப்பம் 1200 டிகிரியைத் தாண்டும். அணைத்த பிறகு ஆறுவதற்கே பல நாள் வேண்டும், பொறுக்காமல் திறந்தால் உள்ளே இருப்பது விரிசல் விடும். நாலாயிரம் ரூபாயில் விறகுக்கும் தூக்கம் கெட்டதற்கும் எவ்வளவு போயிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

எரிகிற விறகின் சாம்பல் தீயோடு பறந்து கலங்களின் மேல் உட்காரும். அதிலுள்ள சுண்ணாம்பும் பொட்டாசியமும் மண்ணின் சிலிக்காவோடு சேர்ந்து அந்தச் சூட்டில் உருகிக் கண்ணாடியாகும். நன்றாக உருகினால் தேன் வழிந்த மாதிரி ஓடும். அரைகுறையாக உருகினால் புள்ளி புள்ளியாக நிற்கும். உங்கள் குவளையின் சொரசொரப்பு பெரும்பாலும் அதுதான். பிஸென்காரர்கள் அதைக் கொமா, அதாவது எள், என்பார்கள். கருகிய பக்கம் அனேகமாகத் தணலிலும் சாம்பலிலும் புதைந்து, காற்றுப் படாமல் வெந்த பக்கம்.

எந்தக் கலம் எங்கே இருக்க வேண்டும் என்பதைச் சூளை அடுக்குகிறவர் முன்பே முடிவு செய்கிறார். நெருப்பு வாய்க்குப் பக்கத்தில் வைத்தால் சாம்பல் மழை. உள்ளே தள்ளி வைத்தால் குறைவு. தட்டின் மேல் சின்னக் கிண்ணம் ஒன்றை வைத்துச் சுட்டால், அந்த வட்டத்தில் மட்டும் சாம்பல் விழாது, அங்கே சிவந்த நிலா மாதிரி ஒரு தடம் கிடைக்கும். நெல் வைக்கோல் தாளைச் சுற்றி வைத்தால், தாளில் உள்ள பொட்டாசியமும் மண்ணின் இரும்பும் வினைபுரிந்து செம்மஞ்சள் கோடுகள் விழும். முதலில் இந்தத் தாளை வைத்தது, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய கலங்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காகத்தான். கோடுகள் அழகாக இருப்பதைப் பார்த்த பிறகு, கோடுகளுக்காகவே தாள் சுற்ற ஆரம்பித்தார்கள். இதைத் தற்செயல் என்று சொன்னால் அடுக்கியவருக்குக் கோபம் வராதா?

சூளையைத் திறந்த பிறகும் ஒரு முடிவு இருக்கிறது: எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது. பழைய சூளைகள் இருந்த மலைச்சரிவுகளில், அந்தக் காலத்தில் கழித்துப்போட்ட கலங்களின் ஓடுகள் குவியலாகக் கிடக்கின்றன. குறை எல்லாமே அழகு என்றால் அந்தக் குவியல்கள் ஏன்?

தந்திரமா என்று கேட்டீர்கள். இந்தச் சந்தேகம் உங்களுக்கு 500 வருடம் முன்பே ஒருவருக்கு வந்திருக்கிறது. பிஸென், ஷிகராகி ஊர்களில் செய்ததெல்லாம் முதலில் விதை போட்டுவைக்கும் ஜாடி, அரைக்கும் சட்டி, தண்ணீர்ப் பானை என்று குடியானவர் வீட்டுச் சாமான்தான். ஜப்பானியத் தேநீர்ச் சடங்கில் பெருமதிப்போடு இருந்தவை சீனத்துக் கலங்கள். 15ஆம் நூற்றாண்டில் முராதா ஜுகோ போன்ற தேநீர் ஆசான்கள் இந்த நாட்டுச் சாமான்களைத் தேநீர் அறைக்குள் கொண்டுவந்தார்கள். சணல்நூல் போட்டுவைக்கிற ஷிகராகித் தொட்டி தண்ணீர் ஜாடியாக ஏற்றம் பெற்றது. அந்த ஜுகோவே ஒரு சீடருக்கு எழுதிய கடிதத்தில், இப்போதுதான் பழக ஆரம்பித்தவர்கள் முதிர்ச்சி வந்துவிட்டதாகக் காட்டிக்கொண்டு பிஸென், ஷிகராகிக் கலங்களை வைத்துக்கொள்வதைக் கண்டிக்கிறார். பிஞ்சிலே பழுத்த கூட்டம் அப்போதும் இருந்திருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. தோக்கியோவில் கோத்தோ அருங்காட்சியகத்தில் இகா ஊர்த் தண்ணீர் ஜாடி ஒன்று இருக்கிறது. ‘கிழிந்த பை’ என்று பெயர். சூளையிலேயே அடிப்பக்கம் சரிந்து பிளந்துவிட்டது. இதை ஜப்பான் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்துப் பாதுகாக்கிறது. படத்தில் பார்த்தாலே தெரியும், பிளந்ததால் அது பெருமை பெறவில்லை. பிளந்த பிறகும் அந்தக் கனமும் நிமிர்வும் கலையாமல் நிற்கிறது. அதே விரிசல் சோப்ளாங்கி ஜாடியில் விழுந்திருந்தால் குவியலுக்குத்தான் போயிருக்கும்.

ஆகவே வாங்கும்போது கதையை விட்டுவிட்டுக் கலத்தைப் பார்க்க வேண்டும். தீ வந்த பக்கத்தில் சாம்பல் தடித்து, மறுபக்கம் போகப் போகக் குறைந்திருக்கிறதா? சுற்றிலும் ஒரே சீராகத் தூவினாற்போல் இருந்தால் அது கையால் தெளித்ததாக இருக்கலாம். வாய் விளிம்பு உதட்டில் எப்படிப் படுகிறது? சொரசொரப்பு வெளிச்சுவரில் இருக்கலாம், குடிக்கிற விளிம்பில் இருந்தால் செய்தவர் மேல் எனக்கு மரியாதை குறையும். பிறகு கனம். பார்க்க முரடாக இருப்பது கையில் எடுத்தால் நினைத்ததைவிட லேசாக இருக்க வேண்டும். மாட்சா என்ற பச்சைத் தேயிலைத் தூளைக் கலக்கிக் குடிக்கிற கிண்ணமாக இருந்தால் உள்ளே நடுவில் ஒரு சின்னப் பள்ளம், கடைசி மடக்கு வந்து கூடுவதற்கு.

பிஸென் பாத்திரத்தில் வைத்தால் தண்ணீர் கெடாது, தேநீரின் சுவையே மாறும் என்றெல்லாம் கடையில் சொல்வார்கள். அதற்கு நான் ஜாமீன் தர மாட்டேன்.

சரி, காபி. தாராளமாகக் குடியுங்கள். இந்த மண் இறுகி வெந்தது, ஒழுகாது. பூச்சு இல்லாததால் கறை மட்டும் பிடிக்கும். ஊற்றுவதற்கு முன் வெந்நீரில் நனைத்துவிடுங்கள், மண் முதலில் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். பால் சேர்த்த காபி என்றால் குடித்த கையோடு கழுவ வேண்டும், சாயங்காலம் வரை போட்டுவைத்தால் வாடை ஏறும். வாசனை சோப்பு வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகே அலமாரிக்குள் வையுங்கள், ஈரத்தோடு மூடினால் பூஞ்சை வரும். வருடக்கணக்கில் புழங்கினால் மேற்பரப்பு கைபட்டுக் கைபட்டு வழவழப்பாகும்.

இன்னும் சில கலங்களைக் கையில் எடுத்துப் பார்க்க ஜப்பான் வரை போக வேண்டியதில்லை. 1971இல் ரே மீக்கரும், ஜப்பானில் இந்தக் கலை பயின்ற டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அங்கே பயின்றவர்களில் பலர் புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் தனியாகச் சக்கரம் வைத்திருக்கிறார்கள். போனால் கிண்ணத்தைத் தயங்காமல் கவிழ்த்து அடிவட்டத்தைப் பாருங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், கலம் செய்கிறவர்களே அடுத்தவர் கலத்தில் முதலில் பார்ப்பது அதைத்தான்.