கோழி இறகும் கறுப்புக் கோடும்

ஐயா,

கேப்டவுன் தேசியக் கலைக்கூடத்தில் 2024இல் தென்னாப்பிரிக்க ஓவியர் எஸ்தர் மஹ்லாங்குவின் ஓவியங்களைப் பார்த்தேன். அழகுதான். ஆனால் அவரது இன்டெபெலே இன மக்களின் வீட்டுச் சுவரில் இருப்பதைத் துணியில் வரைந்தால் அது, பொருளை அப்படியே காட்டாமல் கோடும் வடிவமும் வண்ணமுமாக அமையும் நவீன அரூப ஓவியமாகிவிடுமா? அப்படியானால் என் பாட்டி சாட்ஸ்வர்த் வீட்டு வாசலில் போட்ட கோலமும் அதுதானே?

ஒரு வாசகி, டர்பன்

அன்புள்ள அம்மா,

பாட்டியின் கோலமும் அரூபக் கலைதான். அதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் சுவரில் இருப்பதைத்தான் மஹ்லாங்கு துணியில் வரைகிறார் என்பதை ஏற்க மாட்டேன்.

முதலில் அந்தச் சுவரே ஒரே நிலையில் நின்றதில்லை. சாணமும் மண்ணும் பூசிய ஈரச் சுவரில் விரலால் இழுத்த கோடுகள்தான் பழையவை. பளிச்சென்ற கடைச் சாயம் போன நூற்றாண்டின் நடுவில் வந்தது. பிளேடு, மின்விளக்கு, விமானம் என்று புதிதாகக் கண்டதையெல்லாம் அந்தப் பெண்கள் கோணமும் கட்டமுமாகச் சுருக்கிச் சுவரில் ஏற்றினார்கள். 1883இல் டச்சு வழிவந்த வெள்ளைக் குடியேறிகளான போயர்களிடம் நிலத்தைப் பறிகொடுத்து, ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலிகளாகப் பண்ணைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். 1860இல் ட்ரூரோ கப்பலில் டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்திறங்கிய இந்திய ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்த நாம் அந்தக் கலையை வெறும் அலங்காரம் என்று ஒதுக்கினால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

மஹ்லாங்கு 1935இல் பிறந்தவர். பத்து வயதில் அம்மாவிடமும் பாட்டியிடமும் கற்றுக்கொண்டார். அளவுகோல் கிடையாது, பென்சில் கிடையாது. கோழி இறகால் முதலில் கறுப்புக் கோடு, அப்புறம் உள்ளே வண்ணம். சுவரில் கதவும் சன்னலும் வடிவத்துக்கு எல்லை வகுத்துவிடும். வெறும் துணியில் நடு எது, ஓரம் எது என்பதை அவரேதான் முடிவு செய்ய வேண்டும். 1991இல் பிஎம்டபிள்யூ 525ஐ காருக்கு வண்ணம் தீட்டியபோது அந்தக் கணக்கும் மாறிப்போனது: நேர்கோட்டுக் கலை வளைந்த தகட்டின் மேல் ஓட வேண்டும், சக்கர வளைவையும் கதவுக் கைப்பிடியையும் கடக்க வேண்டும். படியெடுக்கிறவரால் இது முடியாது. ஒவ்வோர் இடத்துக்கும் புதிதாக யோசிக்கிறவரால்தான் முடியும்.

அக்ரிலிக் ஓவியங்களோடு சாணமும் இயற்கைச் சாயமும் கொண்டு துணியில் வரைந்தவையும் அவரிடம் உண்டு. மீண்டும் வாய்த்தால் அவற்றின் முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள். இன்டெபெலே மக்கள் வாழும் ம்புமலங்கா மாகாணத்துப் பக்கம் போனால் வீட்டுச் சுவர்களையும் பாருங்கள். இரண்டையும் பார்த்த பிறகும் உங்கள் கேள்வி மாறவில்லையென்றால் மறுபடி எழுதுங்கள், பேசுவோம்.