சுரூபத்தின் முதுகைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் அன்பியத்தார் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்களின் குழு) சேர்ந்து, பூசையில் குருவுக்கு உதவும் ஆலயத்தின் பீடச் சிறுவர்களுக்காகப் புனித தொமினிக் சாவியோவின் மரச் சுரூபம் ஒன்றை வாங்க எண்ணியுள்ளோம். விற்பவர் காட்டிய சுரூபத்தில் வண்ணம் பூசியிருப்பதால் மரமா ஃபைபரா என்று புலப்படவில்லை. முதுகுப்புறம் குடைந்தும் இருக்கிறது. வாங்கலாமா?
– வாசகி ஒருவர், விவேக்நகர், பெங்களூரு

பதில்: முதுகு குடைந்திருப்பது குறையன்று, தொழில் தெரிந்த கையின் அடையாளம். மரம் காயும்போது வளையங்களின் போக்கில் அதிகமாகவும், மையத்திலிருந்து வெளிநோக்கிக் குறைவாகவும் சுருங்குவதால், நடுத்தண்டோடு முழுக் கட்டையாக விடப்பட்ட சுரூபத்தில், முகத்தின் வழியாகவே நெடுக வெடிப்பு ஓடக்கூடும். அதைத் தவிர்க்கவே பின்புறமிருந்து குடைந்து எடுத்துவிடுவார்கள். ஆனால் ஃபைபர் சுரூபமும் உள்ளே கூடுதான். ஆகவே குடைவுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்: உளித் தடங்களும் மர ரேகையும் தெரிந்தால் மரம், கண்ணாடி இழைகள் பின்னிக் கிடந்தால் ஃபைபர்.

வண்ணத்தைக் கண்டு ஐயுற வேண்டாம். ஐரோப்பிய மரபில் சுண்ணப்பொடியும் பசையும் கலந்த பூச்சைப் பல அடுக்காகத் தடவித் தேய்த்த பிறகே வண்ணமும் பொன் தகடும் ஏற்றினார்கள். மரச் சுரூபங்களுக்குப் பெயர்பெற்ற வட இத்தாலியின் கார்தேனா பள்ளத்தாக்கிலேயே இன்று பெரும்பாலும் இயந்திரம் முதலுருவைக் குடைந்து தர, கை அதை முடிக்கிறது. எனவே 'கைவேலை' என்று கூடுதல் விலை சொன்னால், எவ்வளவு கை என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அது சாவியோதானா என்றும் பார்த்துவிடுங்கள். 1842இல் பிறந்து, 15 வயது நிரம்புமுன் 1857இல் இறந்த அவர், சிறுவர் கல்விக்காக உழைத்த இத்தாலியக் குரு தொன் போஸ்கோவின் மாணவர்; ஆதலால் கோட்டு அணிந்த பள்ளிச் சிறுவனாகவே பெரும்பாலும் செதுக்கப்படுவார். 1849இல் புதுநன்மை (முதல் நற்கருணை அப்பம்) வாங்கியபோது எழுதிய, 'பாவத்தைவிடச் சாவே மேல்' என்னும் பொருள்படும் உறுதிமொழி சில சுரூபங்களில் கையில் இருக்கும். நீண்ட அங்கியும் வெண்மேலாடையுமாகச் சிலுவை ஏந்தியிருந்தால் அவர் புனித ஞானப்பிரகாசியார் (அலோசியுஸ் கொன்சாகா). 23 வயதில் இறந்தவர். உரோமை உடையில் நற்கருணையை மார்போடு அணைத்திருப்பவர், விசுவாசத்துக்காக உயிர்கொடுத்த புனித தார்சிசியுஸ். பீடச் சிறுவர்களின் பாதுகாவலர் அவரே என்பதால், இன்னும் முன்பணம் கொடுக்கவில்லையெனில், உங்கள் அன்பியம் அவரையும் எண்ணிப் பார்க்கலாம்.

வாங்கிய பின், மெழுகுதிரித் தட்டிலிருந்தும் வெயில் விழும் சன்னலிலிருந்தும் தள்ளி வையுங்கள். மயிரிழை வெடிப்பு தோன்றினால் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பொறுத்து, அது விரிகிறதா என்று பார்த்த பிறகே கைவையுங்கள். திருவிழாவுக்குத் திருவிழா எனாமல் பெயிண்ட் அடிக்கும் வழக்கத்தை மட்டும் தொடங்கிவிடாதீர்கள். நாலைந்து பூச்சில் கண்ணிமையும் விரல் நகமும் மூடிப் போய்விடும்.