முன்பிரேக்கில் எரியும் விளக்கு பின்பிரேக்கில் எரியாவிட்டால்

கேள்வி: நான் ஓட்டிவருவது டிரம் பிரேக் உள்ள 110 சிசி பைக். மழைக்காலம் முடிந்ததிலிருந்து, காலால் பிரேக்கை மிதித்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரிவதில்லை. கையால் முன்பிரேக்கைப் பிடித்தால் எரிகிறது. வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று ஒர்க்‌ஷாப்பில் பெரிய தொகை கேட்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இப்போதைக்கு அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். இரண்டு பிரேக்குகளுக்கும் தனித்தனி ஸ்விட்சுகள் இருந்தாலும் எரியும் பல்பு ஒன்றே என்பதால், முன்பிரேக்கைப் பிடிக்கும்போது விளக்கு எரிகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதே, பல்பும் ஃபியூஸும் பின்விளக்குக்குச் செல்லும் வயரும் நன்றாக இருக்கின்றன என்பதற்குப் போதிய சான்றாகும். சந்தேகப்பட வேண்டியவை, வலப்பக்கம் பிரேக் பெடலுக்கு மேலே உள்ள ஸ்விட்ச், அதைப் பெடலோடு இணைக்கும் சிறு ஸ்பிரிங், ஸ்விட்சிலிருந்து செல்லும் இரண்டு வயர்கள் ஆகியவை மட்டுமே.

முதலில் ஸ்பிரிங் கழன்றோ அறுந்தோ போயிருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால், சேறும் தண்ணீரும் புகுந்து ஸ்விட்சின் உள்தண்டு இறுகிப்போயிருக்கலாம்; மழைக்குப் பின் தொடங்கிய கோளாறு என்பதால் எனக்கு இதன்மேல்தான் சந்தேகம் அதிகம். உறுதிசெய்ய, சாவியைத் திருப்பி வைத்து, ஸ்விட்சின் கனெக்டரைக் கழற்றி, வண்டிப் பக்கம் உள்ள இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். விளக்கு எரிந்தால் ஸ்விட்ச்தான் பழுது. எரியாவிட்டால் அந்த இரண்டு வயர்களில் ஒன்று எங்கோ அறுந்திருக்கிறது. ஒரு முனையில் மின்சாரம் இருக்கும் என்பதால், துண்டு வயர் வண்டியின் இரும்புச் சட்டத்தில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டால் ஃபியூஸ் போய்விடும்.

ஸ்விட்சை மாற்றியபின் சரிசெய்வதும் முக்கியம். ஸ்விட்சின் உடலைப் பிடித்துக்கொண்டு அதன் நட்டை மட்டும் திருக வேண்டும். உடலையே திருகினால் வயர் முறுக்கி அறுந்துவிடும். ஸ்விட்ச் மேலே ஏறினால் விளக்கு முன்னதாக எரியும், கீழே இறங்கினால் தாமதமாக எரியும். பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பே விளக்கு எரிய வேண்டும். பெடலை விட்டபின்னும் எரிந்துகொண்டிருந்தால் பேட்டரி வீணாவதோடு, பின்னால் வருபவருக்கு நீங்கள் எப்போது நிறுத்துகிறீர்கள் என்பதே தெரியாது. பின்சக்கரத்து நட்டைத் திருகிப் பிரேக்கை இறுக்கும் ஒவ்வொரு முறையும் பெடலின் நிலை மாறக்கூடும் என்பதால், அதன்பின் இந்த ஸ்விட்சையும் பார்த்தாக வேண்டும். பல மெக்கானிக்குகள் இதை விட்டுவிடுகிறார்கள்.

இத்தகைய சிறு வண்டிகளுக்கான ஸ்விட்ச் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். ஒர்க்‌ஷாப்பிலேயே மாற்றுவதானால், பழைய பாகத்தையும், பாகத்தின் விலையும் கூலியும் தனித்தனியே எழுதிய பில்லையும் கேட்டு வாங்குங்கள். பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் செய்யலாம். பழுது நீங்கும்வரை, பின்பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் முன்பிரேக்கையும் மெல்லப் பிடித்து விளக்கை எரியவிடுங்கள்.